தொக்கம் எடுக்கிற அக்கா

பிள்ளை பால் குடிக்க மறுக்கிறது, சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறது, உள்ளே போனதைக் கக்கிவிடுகிறது என்றால் அந்தக் காலத்துத் தாராவியில் எங்கள் ஜனங்கள் டாக்டரிடம் போக மாட்டார்கள். தொக்கம் விழுந்திருக்கிறது என்பார்கள். தின்ற பண்டம் ஏதோ ஒன்று தொண்டையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொண்டு இறங்காமல் நிற்கிறது என்று அர்த்தம். அதை எடுத்துப்போட ஊருக்கு ஓர் ஆள் உண்டு. திருநெல்வேலியை விட்டுப் பம்பாய்க்கு வந்தவர்கள் அந்த ஆளையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். அவள் குடியிருந்தது என் வீட்டுக்கு அடுத்த கதவு.

நான் மாட்டுங்காவில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா வாசலில் பிள்ளையும் கையுமாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போதும் உட்கார்ந்திருப்பார்கள். அதில் பாதிக் கூட்டம் எங்கள் டிஸ்பென்சரிக்கு வந்திருந்தால் டாக்டர் என்னை இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடத்தியிருப்பார்.

அவள் தொக்கம் எடுக்கிற அழகே தனி. பிள்ளையைக் கிழக்குப் பார்க்க உட்கார வைப்பாள். விளக்கெண்ணெயைத் தொட்டுக் கழுத்திலிருந்து தொப்புள் வரை நீவுவாள். பிறகு கட்டைவிரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குழலைத் தொண்டைக்குழியில் வைத்து, கன்னம் இரண்டும் உள்ளே போகிற மாதிரி உறிஞ்சுவாள். கண் மேலே செருகும். சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். குழலை எடுத்துவிட்டு உள்ளங்கையில் துப்பினால், வெற்றிலைச் சாற்றுக்கு நடுவே ஒரு சோற்றுப் பருக்கையோ பொரிகடலைத் தோலோ சுருண்ட தலைமயிரோ கிடக்கும்.

"பாத்தியா தாயி? இதான் நின்னுக்கிட்டு இருந்திருக்கு. இனி பிள்ள திங்கும், போ."

தாயின் முகம் தெளியும். தாய் முகம் தெளிந்ததைப் பார்த்துப் பிள்ளையும் அழுகையை நிறுத்தும். பாதிப் பிள்ளைகள் அன்றைக்கே சோறு தின்றுவிடும். அதுதான் எனக்கு ஆத்திரம். தின்னாமல் இருந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

காசு வாங்க மாட்டாள். வெற்றிலையும் புகையிலையும் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். அது நாள் முழுக்க இடது கன்னத்தில் அடக்கிக் கிடக்கும். அவள் பேச்சே அந்த அடக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வரும்.

தொக்கம் மட்டுமில்லை. எந்த விஷயத்துக்காகவும் அவளிடம் வந்த ஒருவரை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்குத் தெரியாது. இல்லை, தெரியாது, முடியாது என்கிற மூன்று வார்த்தைகளும் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஊரிலிருந்து கடுதாசி வரவில்லை என்று ஒருத்தி அழுதால், "உங்க அம்மையப் பாத்துட்டு வந்த ஆள நேத்து ஸ்டேஷன்ல பாத்தேன், நல்லா இருக்காளாம்" என்பாள். ஸ்டேஷன் பக்கமே போயிருக்க மாட்டாள்.

ஒருமுறை எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்காரியின் கோழி காணாமல் போனது. யாரோ அடித்துத் தின்றுவிட்டார்கள் என்று அவள் காலையிலிருந்து வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. சாயங்காலம் அக்கா ஒரு கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்தா, சாக்கடைப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்துச்சு."

"என் கோழி வெள்ளைல்லாக்கா? இது செவலையால்லா இருக்கு?"

"சாக்கடையில விழுந்து பொரண்டிருக்கு. குளுப்பாட்டு, வெளுத்துரும்."

அக்கா சயான் மார்க்கெட்டில் வாங்கிவந்த கோழி அது. கடைசி வரை அது வெளுக்கவில்லை. ஆனால் சண்டை அன்றோடு நின்றது. இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

அவளுக்கு ஒரே ஒரு தடவை சறுக்கியது. மாட்டுங்காவிலிருந்து ஒரு ஆபீஸர் வீட்டு அம்மாள், வேலைக்காரி சொல்லக் கேட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு டாக்ஸியில் வந்து இறங்கினாள். சுத்த சைவக் குடும்பம். அக்கா நீவினாள், உறிஞ்சினாள், துப்பினாள். உள்ளங்கையில் கிடந்தது மீன் முள்.

அந்த அம்மாள் பையன் கன்னத்தில் விட்டாள் ஒரு அறை. "எங்கேடா போய்த் தின்னே? சொல்லு, எவன் ஆத்துல தின்னே?" பையன் சாமி சத்தியமாகத் தின்னவில்லை என்று கத்தினான். அக்கா முகம் வெளுத்துவிட்டது. "அடிக்காதிய தாயி, காக்கா கொண்டாந்து தண்ணித் தொட்டியில போட்டிருக்கும்" என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நான் சிரித்துக்கொண்டே அவள் வாசலில் போய் நின்றேன். அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதிய தம்பி. அந்தப் பிள்ள கன்னம் செவந்துட்டு."

"அப்போ முள் உங்க வாயிலதான் இருந்ததா?"

"பின்ன? எல்லாமே என் வாயில உள்ளதுதான். வெத்தலைக்கு அடியில வச்சிக்கிடுவேன்."

மறுப்பாள், சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று நினைக்கவில்லை.

"வெறுங்கையக் காட்டச் சொல்லுதியளா? அந்தத் தாயி எப்படித் தூங்குவா? கண்ணால பாத்தாத்தான் தம்பி மனசு ஆறும். நீங்களும்தான் கலர் தண்ணிய ஊத்தி, பாட்டில்ல அளவுக் காயிதத்த வெட்டி ஒட்டிக் குடுக்கிய. நான் ஏதும் கேட்டனா?"

அதற்குப் பிறகு அவள் மீன் முள்ளைத் தொடவில்லை. பருக்கையோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கும் அவளுக்கும் ஒருவித ஒப்பந்தம் உண்டானது. பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தால் தொக்கம் எடுத்துவிட்டு, "எதுக்கும் கம்பவுண்டர் தம்பிகிட்ட ஒரு மருந்தும் வாங்கிக் குடு" என்று அனுப்புவாள். அவ்வளவுக்காவது இறங்கி வந்தாளே என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்டவளுக்கு விழுங்க முடியாமல் போனது.

எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. நான் கவனித்தது ஒரு கல்யாணப் பந்தியில். எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சோற்றை உருட்டி உருட்டிப் பக்கத்துச் சிறுமியின் இலையில் வைத்துக்கொண்டிருந்தாள். பாயசத்தை மட்டும் குடித்தாள். அதுவும் ஒவ்வொரு மடக்குக்கும் நெஞ்சை நிமிர்த்திக் கொஞ்சம் காத்திருந்து. நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு மென்று விழுங்குகிறவள் அவள்.

"என்னக்கா, சாப்பிடலையா?"

"சாப்பிட்டேம்லா. இலையப் பாருங்க."

இலை சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். மகன் செம்பூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தான். மருமகள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போவாள். திரும்பி வந்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். அத்தை சாப்பிட்டாச்சு என்று அவள் நினைத்துக்கொள்வாள். கொல்லையில் கட்டியிருந்த ஆடு அந்த வருஷம் நன்றாகக் கொழுத்தது. அக்காவின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அதைப் பார்த்து, வயசானால் உடம்பு வற்றத்தான் செய்யும் என்றார்கள். அப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து கூட இருக்காது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே தகரச் சுவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் அவள் ஓங்கரிப்பது கேட்டது. போய் நின்று கேட்டேன்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளாத்தான். நெஞ்சுக்குள்ள நின்னு நின்னு இறங்குது. வேற ஒண்ணுமில்ல."

"கொஞ்ச நாள்னா?"

"கொஞ்ச நாள்தான்."

மறுநாளே வலுக்கட்டாயமாக எங்கள் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் நல்லவர். ஆனால் வாசலில் இருபது பேர் காத்திருந்தால் இருபது பேரைப் பற்றியும் யோசிக்கிறவர்.

"விழுங்கக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார்.

"சே சே. நல்லா இறங்குது."

"இல்லை சார், இறங்கலை" என்றேன் நான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டர் மேஜையில் டீயும் பிஸ்கட்டும் இருந்ததைப் பார்த்தாள். "தப்பா நெனைக்காதிய" என்று சொல்லி ஒரு பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கி, குழைந்ததும் வாயில் போட்டாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் வியர்வை பூத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. விழுங்கிவிட்டாள். வாயைத் திறந்து டாக்டருக்குக் காட்டினாள்.

"பாத்தியளா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "கேஸ்ட்ரிக்தான். காரத்தைக் குறையுங்கோ, வெத்தலையை விடுங்கோ" என்று ஒரு மிக்ஸ்சர் மருந்து எழுதினார். வெளியே வந்து தெரு முனை திரும்புகிற வரை அக்கா தாங்கினாள். அங்கே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் வெளியே தள்ளினாள்.

எனக்கு வந்த கோபத்தில் நடுத்தெரு என்றும் பார்க்காமல் கத்தினேன். "அவர் டாக்டர். அவர்கிட்ட எதுக்கு வித்தை காட்டுறீங்க? முடியலேன்னு சொன்னா உங்க கிரீடம் இறங்கிடுமா?"

"அவரு முன்னால போயி முடியலன்னு சொல்லுததுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு தம்பி" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டே.

திரும்பி ஓடி டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. உடனே படம் எடுக்கச் சொல்லிப் பரேல் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். "தாமதிக்காதே, இந்த வயசில் இது நல்ல அறிகுறி இல்லை" என்றார். அவர் சொன்னதை அப்படியே அவள் மகனிடம் சொன்னேன்.

மகன் பொல்லாதவன் இல்லை. ஆனால் எதற்கும் அம்மா முகத்தைப் பார்க்கிறவன். அக்கா, "பரேல்ல மதராஸின்னு சொல்லி நம்ம ஆளுவள அடிக்கானுவளாமே. நீ ஷிப்டுக்குப் போ, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். அந்த வருஷங்களில் பஸ்ஸில் தமிழ் பேசினால் முறைக்கிறவர்கள் இருந்தது உண்மைதான். அதற்காக யாரும் மாவு வாங்கப் போகாமலோ சினிமா பார்க்கப் போகாமலோ இருந்துவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் அது தடையாக வந்து குறுக்கே நின்றது.

அடுத்த வாரம் நான் வேலை முடிந்து வரும்போது அக்கா புதுச்சேலை கட்டி வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. தாணேயில் தொக்கம் எடுப்பதில் பெரிய கைக்காரர் ஒருவர் இருக்கிறாராம், மகன் லீவு போட்டுக் கூட்டிப் போனானாம். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். உள்ளே கறுத்துப்போன ஒரு கறித்துண்டு.

"தொக்கம் எடுத்தாரு. போன கோயில் கொடையில தின்ன கறியாம் தம்பி. அதுலருந்தே நின்னுக்கிட்டு இருந்திருக்கு."

ஏமாறுகிறவர்களை எனக்குத் தெரியும். ஏமாற்றுகிறவர்களையும் தெரியும். இரண்டும் ஒரே ஆளாக எதிரே உட்கார்ந்திருந்தால் எங்கிருந்து பேச ஆரம்பிப்பது?

"அக்கா, நீங்க உங்க வாயில வச்சுக்கிட்டு எடுக்கிறீங்க. அவன் அவன் வாயில வச்சுக்கிட்டு எடுத்திருக்கான். இதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

அவள் பொட்டலத்தை மடித்தாள். நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"நான் செய்யுதது பொய்யி தம்பி. எங்க மாமியா செஞ்சது மெய்யி."

அன்றைக்குத்தான் முழுக்கதையையும் சொன்னாள். ஊரில் அவள் மாமியார் தொக்கம் எடுப்பதில் பேர்போனவளாம். சாகிற நேரத்தில் மருமகளைக் கூப்பிட்டுக் காதில் மந்திரம் சொன்னாளாம். பாதி சொல்லும்போதே மூச்சு நின்றுவிட்டது. பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே ஒருத்தி பிள்ளையைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். இவள் தெரிந்த பாதி மந்திரத்தைச் சொல்லி உறிஞ்சினாள். ஒன்றும் வரவில்லை.

"அந்தத் தாயி என் கையவே பாத்துக்கிட்டு இருக்கா. என்ன செய்யச் சொல்லுதிய? காலையில தின்ன பருக்க ஒண்ணு பல்லிடுக்குல இருந்துச்சு. அத எடுத்துக் காட்டிட்டேன். அடுத்த தடவ நெசமா வரும், அடுத்த தடவ வரும்னுதான் இருந்தேன். வரவேயில்ல. எனக்குக் குடுப்பின இல்ல. அதுக்காவ இந்த வித்தையே பொய்யின்னு ஆயிருமா? பூரா மந்திரமும் தெரிஞ்சவுக எங்கயாவது இருக்கத்தான செய்வாவ?"

இத்தனை வருஷமாக அவள் தன்னை ஊருக்குள் இருக்கிற ஒரே பொய்க்காரி என்று நினைத்து வாழ்ந்திருக்கிறாள். மற்றவர்கள் எல்லோரும் நிஜம். எனக்குப் பரிதாபமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கோபத்தில் சொல்லிவிட்டேன்.

"உங்க மாமியாரும் வாயிலதான் வச்சிருந்திருப்பாங்க."

"அவுகளச் சொல்லாதிய" என்றாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை.

பேசாவிட்டால் என்ன, காது கேட்குமே. தாணேக்காரருக்குப் பிறகு செம்பூரில் ஒரு கிழவி. கிழவிக்குப் பிறகு வேறொருவன். ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டலம் வரும், மூன்று நான்கு நாள் கஞ்சி இறங்குகிற மாதிரி இருக்கும், பிறகு பழையபடி ஓங்கரிப்பு. அந்த மூன்று நான்கு நாள் சுகம்தான் அவளைக் கெடுத்தது. ஒருவனாவது வெறுங்கையைக் காட்டி, "தாயி, இங்கே ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லியிருந்தால் போயிருப்பாள். சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், எல்லோரும் அவளைப் போன்றவர்கள்தானே.

நானும் சும்மா இருக்கவில்லை. மகனை ஃபேக்டரி வாசலில் போய்ப் பிடித்துச் சண்டை போட்டேன். மருமகளிடம் ஆட்டைக் காட்டிச் சொன்னேன். எங்கள் டாக்டரைத் தாராவி வரை அழைத்து வந்தேன். அவர் வந்து நின்றபோது அக்கா வீட்டில் இல்லை. பின்பக்கமாக எழுந்து போய்விட்டிருந்தாள். டாக்டர் சேற்றில் நனைந்த ஷூவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

இதற்கிடையில் பிள்ளைகளுக்குத் தொக்கம் எடுப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. உறிஞ்ச மூச்சில்லாமல் பாதியில் நிறுத்தி இளைப்பாறுவாள். ஆனால் கை விரிக்கும்போது பருக்கை இருக்கும்.

குரல் கம்மிப்போனது. காறை எலும்புக்கு மேலே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி எழும்பியது. தண்ணீரும் மூக்கு வழியாக வர ஆரம்பித்த பிறகு ஒரு நாள் மகன் என் வாசலில் வந்து நின்றான். "அண்ணாச்சி, பரேலுக்குப் போவோமா?" என்றான். இந்தக் கேள்விக்காக எத்தனை மாதம் காத்திருந்தேன். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. எதையாவது எடுத்து அவன் மேல் வீச வேண்டும் போலிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் எங்களை யாரும் முறைக்கவில்லை. ஒரு மராத்தி அம்மாள் எழுந்து அக்காவுக்கு இடம் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கழுத்துக் கட்டியைக் கீறிப் பார்த்தார்கள். இரண்டாம் முறை போனபோது பெரிய டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி எனக்கு ஹிந்தியில் விளக்கினார். உணவுக் குழாயில் புற்று. கழுத்துக்கும் ஈரலுக்கும் போய்விட்டது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. வயிற்றில் ஓட்டை போட்டு ரப்பர்க் குழாய் வைத்தால் கஞ்சி ஊற்றலாம், அவ்வளவுதான். "பஹுத் தேர் கர் தீ" என்றார். ரொம்பத் தாமதம் பண்ணிவிட்டீர்கள். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. களைத்துப்போன குரல். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அதைச் சொல்வாரோ.

மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாக அகலமாக இறங்குகிற குழாய் ஓரிடத்தில் நூல் மாதிரி இளைத்து, கரடுமுரடாக ஒடுங்கியிருந்தது.

"என்ன சொல்லுதாவ?" என்று காற்றுக் குரலில் கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. படத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். "இங்க ஒரு கட்டி இருக்காம். அதான் அடைக்குது."

பக்கத்தில் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"அப்போ நெசமாவே ஒண்ணு இருந்திருக்கு."

"இருக்கு அக்கா."

"எடுத்துப்போடச் சொல்லுங்க தம்பி."

"முடியாதாம்."

"ஒண்ணுமில்லாத பிள்ளையளுக்கெல்லாம் எடுத்து எடுத்துக் காட்டினேன்" என்றாள். "இருக்கத எடுக்க ஒருத்தருமில்லையாக்கும்." குறைப்பட்டுக்கொள்கிற மாதிரி சொல்லவில்லை. புரிந்துகொள்ளப் பார்க்கிற மாதிரி சொன்னாள்.

ரப்பர்க் குழாய் வேண்டாம் என்றுவிட்டாள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் என்னிடம் பழையபடி பேசினாள். அதிகமில்லை. வாயை நனைக்கிற பஞ்சை நான் பிடித்துக்கொள்வேன், அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

எடுத்துப் புதைத்துவிட்டு வந்த அன்றே கதை கிளம்பிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளின் தொக்கத்தையெல்லாம் உறிஞ்சி உறிஞ்சித் தன் தொண்டையில் வாங்கிக்கொண்டாளாம். அது சேர்ந்து அடைத்துத்தான் செத்தாளாம். சொல்கிறவர்கள் கண்ணீரோடு சொன்னார்கள். புற்றுநோய் என்று நான் சொல்லச் சொல்ல, "அது டாக்டருங்க வைக்கிற பேரு" என்றார்கள். இவர்களிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான்.

பதினாறாம் நாள் முடிந்ததும் மருமகள் வந்தாள். கையில் அந்தப் பித்தளைக் குழல்.

"அண்ணாச்சி, அத்த கடசியா உங்ககிட்டதான பேசிக்கிட்டு இருந்தாவ. மந்திரம் ஏதும் சொன்னாவளா? வாசல்ல ஆளு வர ஆரம்பிச்சிட்டு. எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்கு."

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலைக்கு அடியில் பருக்கை, மீன் முள், அக்கா தன் வாயாலேயே சொன்னது, பாதியில் நின்றுபோன மந்திரம். ஒன்றையும் விடவில்லை. அவள் கண்ணில் நீர் கட்டியது.

"அத்த எடுத்தத நான் என் கண்ணால பாத்திருக்கேன். சொல்ல இஷ்டமில்லன்னா இஷ்டமில்லன்னு சொல்லுங்க. செத்தவுகளப் பொய்க்காரியாக்காதிய."

எழுந்து வாசல்வரை போய்விட்டாள். வெளியே ஒரு குழந்தை அழுதது. இவளும் நாளைக்கு ஒரு பருக்கையை எடுத்து வைத்துக்கொள்வாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகள் பாடு எப்படியோ போகட்டும், பெரியவர்கள் வருவார்களே. விழுங்க முடியவில்லை என்று எவனாவது வந்து உட்கார்ந்தால் இவள் நீவி உறிஞ்சி ஒரு கறித்துண்டைக் காட்டி அனுப்புவாளே.

"இங்க வா" என்றேன். "சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க, அதான் மறைச்சேன்."

கை கால் கழுவி வரச் சொன்னேன். கிழக்குப் பார்க்க நிற்க வைத்து, காதில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வயிற்று உப்புசத்துக்கு நான் தினம் கலக்குகிற மருந்துதான். சோடா பைகார்ப், மேக் கார்ப், டிங்க்சர் கார்டமம், அக்வா மெந்தா. அவள் கைகூப்பி, கண்ணை மூடி, திக்கித் திக்கித் திருப்பிச் சொன்னாள்.

"நல்லாக் கேட்டுக்கோ. இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். பிள்ளையானாலும் மூணு நாள்ல சரியாகலேன்னா எங்க டாக்டர்கிட்ட அனுப்பிடணும். பெரிய ஆளு யாராவது சோறு இறங்கலேன்னு வந்தா குழலைத் தொடவே கூடாது. தொட்டா மந்திரம் அன்னையோட போயிடும். அந்த ஆளை அப்படியே என்கிட்ட அனுப்பணும். அத்தை மேல சத்தியம்."

"சத்தியம் அண்ணாச்சி" என்றாள். எட்டு மாதமாக நான் தொண்டை வறளச் சொன்ன உண்மைகளில் ஒன்றைக்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை.

தீபாவளி சமயத்தில் டிஸ்பென்சரி வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். தோல் கிடங்கில் வேலை செய்கிறவர், நாற்பது வயதிருக்கும். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தொக்கம் எடுக்கப் போயிருந்தேன். அந்தப் பிள்ள என் பக்கத்துலயே வரமாட்டேனுட்டு. மந்திரம் போயிருமாம். உங்களப் பாக்கச் சொல்லுச்சு."

"என்ன செய்யுது?"

"சோறு நெஞ்சுல நிக்கி."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு மாசமா என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தே, சொல்றதுக்கு வாய் இல்லையா, யாருக்குக் காட்டுறதுக்காகச் சாப்பிட்ட மாதிரி நடிச்சே, வீட்டுல இருக்கிறவங்க கண்ணு என்ன அவிஞ்சா போச்சு என்று பரேல் வரும் வரை திட்டிக்கொண்டே போனேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தான் அண்ணாச்சி, தப்புத்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். யாரைத் திட்டுகிறேன் என்று பாவம் அவருக்கு என்ன தெரியும்.